ஆட்டர் ஓடையில் ஒரே ஒரு லைசன்ஸ்

— மொதல்ல அந்த ட்ராக்டரை வாசல்லேருந்து எடுக்கச் சொல்லு, வெர்னா. அது ஸ்கூல் பஸ் நிக்கிற இடம்.

— எடுக்கச் சொல்ல மாட்டேன். என் பொண்ணு லைசன்ஸை நீ பிடுங்காம இருந்திருந்தா, நான் எதுக்கு ட்ராக்டர் மட்கார்டு மேல தொத்திக்கிட்டு, குளிர்ல வெறைச்சுப் போயி இங்க வந்து எறங்குறேன்? நிக்கட்டும். வர்றவன் போறவன்லாம் நல்லாப் பாக்கட்டும்.

— ஓட்டிட்டு வந்தது யாரு, ஒந்தம்பி ட்வைட்டா? குடிச்சிட்டு ஓட்டினான்னு அவன் லைசன்ஸ் போயி நாலு வருஷம் ஆச்சே.

— ட்ராக்டருக்கு லைசன்ஸ் வேணாம், கோய். அவனுக்கு வேற எந்தச் சட்டமும் தெரியாது. இது ஒண்ணு மட்டும் மனப்பாடம்.

— சரி, உக்காரு. காப்பி குடிக்கிறியா?

— ஒன் காப்பியை நீயே குடி. எனக்கு லைசன்ஸ் வேணும். ராத்திரி பூரா முதியோர் இல்லத்துல கெடையில கெடக்குறவங்களைப் புரட்டிப் போட்டுட்டு வந்து, வீட்டுக்குக்கூடப் போகாம இங்க நிக்கிறேன். கண்ணு எரியுது. மரியாதையாக் குடுத்துரு.

— அது என்ன, என் மேசை டிராயர்லயா இருக்கு, எடுத்துக் குடுக்க? அதாவது வெர்னா, லைசன்ஸை நிறுத்துனது நான் இல்ல, மாநிலம். பதினெட்டு வயசு ஆகாத புள்ள, ஒரு பருவத்துல காரணம் இல்லாம ஒம்பது நாள் பள்ளிக்கூடம் வரலைன்னா, நான் மேல எழுதி அனுப்பியே ஆகணும். எட்டு நாள் வரைக்கும் கூப்பிட்டுத் திட்டலாம், கெஞ்சலாம். ஒம்பதுன்னு ஆயிட்டா என் கையில ஒண்ணும் இல்ல. அட்டெண்டன்ஸ் ஆபீசர்னு இங்க என்னை உக்கார வெச்சிருக்கிறதே அதுக்குத்தான்.

— அட்டெண்டன்ஸ் ஆபீசராம்ல! மான் வேட்டை ஆரம்பிக்கிற அன்னைக்கு நீ என்னைக்காவது பள்ளிக்கூடத்துல மூஞ்சி காட்டியிருக்கியாடா? நீயும் ஒங்கப்பனும் மலை மேல மரத்துல ஏறி உக்காந்திருப்பீங்க. மறுநாள் வந்து என் பேப்பரைப் பாத்து எழுதுவ.

— அப்ப இந்தச் சட்டம் இல்ல.

— இருந்திருந்தா நீ இன்னைக்கும் நடந்துதான் போயிட்டிருப்ப.

— நடந்து போனாக்கூட நிம்மதியா இருந்திருப்பேன் போல. இந்த நாற்காலியில உக்காந்த நாள்லேந்து, இந்தக் கவுண்டியில, மாவட்டம் பூரா இருக்கிற அப்பன் ஆத்தா அத்தனை பேரும் வரிசை கட்டி வந்து என்னைத் திட்டிட்டுப் போறாங்க. சட்டம் போட்டவன் தலைநகரத்துல சொகமா இருக்கான். திட்டு வாங்குறது கோய் ராட்லிஃப்.

— திட்டு வாங்குறது ஒனக்குப் புதுசா என்ன? நியாயத்தைச் சொல்லு. ட்வைட் குடிச்சான், வண்டியைக் கொண்டுபோய் சர்ச் வேலியில விட்டான், லைசன்ஸ் போச்சு. போகட்டும்னு நானே சொன்னேன், கூடப் பொறந்தவன்னு பாக்கல. என் பொண்ணு எவன் வேலியில மோதினா? ஒரு ஓணான் மேலயாவது வண்டியை ஏத்தியிருப்பாளா? கணக்கு வகுப்புக்கு வரலைன்னா கணக்குல மார்க்கைக் கொறை. வண்டிக்கும் கணக்குக்கும் என்னடா சம்பந்தம்? குடிகாரனுக்கும் அதே தண்டனை, கணக்குக்கு வராதவளுக்கும் அதே தண்டனையா?

— சாவியைப் பிடுங்குனாத்தான் இந்த வயசுப் புள்ளைங்க பயப்படும்னு மேல இருக்கிறவங்க நெனைக்கிறாங்க. பயந்தா பள்ளிக்கூடத்துக்கு வந்துரும். அதான் அவங்க கணக்கு.

— மேல இருக்கிறவங்க வீட்டு வாசல்ல டவுன் பஸ் ஓடும். எங்க ஊரு ஆட்டர் ஓடையில என்ன ஓடுது? தண்ணிதான் ஓடுது. எங்க பக்கத்துல யாருகிட்டடா லைசன்ஸ் இருக்கு, சொல்லு பாப்போம். எம்புருஷன் ஹோபர்ட்டுக்குச் சர்க்கரையில கண்ணும் போச்சு, கிட்னியும் போச்சு. ட்வைட் கதை தெரியும். பக்கத்து வீட்டு ஆர்ஃபா அக்காவுக்குக் கண்ணுல புரை. என் நாத்தனா ட்ரெஸ்ஸி பொறந்ததுலேந்து வண்டி ஓட்டுனதே கெடையாது.

— நீ ஓட்டுவியே. எங்க செட்டுல ஒன்னை மாதிரி யாரும் ஓட்ட மாட்டாங்க.

— அந்த வளைவுல நான் ஓட்டுன வண்டி ஓடைக்குள்ள போனதுக்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடல, லைசன்ஸைப் புதுப்பிக்கவும் இல்ல. அதை விடு. ஓடை பூராவுக்கும் இருந்தது என் பொண்ணு லைசன்ஸ் ஒண்ணுதான். அவ வாங்கின அன்னைக்கு ஓடையே வந்து கேக் வெட்டுச்சு. ஆர்ஃபா அக்கா அழுதேபுட்டாங்க. அதைப் போயி நீ...

— நான் இல்லைன்னு சொல்றேன்ல.

— நீதான்! எழுதி அனுப்புனது யாரு, நானா? கேட்டுக்கோ. அவ லைசன்ஸ் போனதுலேந்து, கூட வேலை பாக்குற ஒருத்தி ரோட்டு முனையில என்னை ஏத்திக்கிட்டா. திங்கக்கிழமையிலேந்து அவ பகல் ஷிப்டுக்கு மாறுறா. அப்புறம் நான் எப்படிப் போறது? ட்ராக்டர்ல அந்த மலையைத் தாண்டுறதுக்குள்ள ஷிப்டே முடிஞ்சிரும். ஒரு நாள் லேட்டா வந்தாலும் வேற ஆளைப் போட்டுருவேன்னு மேனேஜர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா. எங்க வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான், கோய். திங்கக்கிழமைக்குள்ள அவ கையில லைசன்ஸ் இல்லைன்னா என் வேலை போச்சு.

— இரு. ஒரு நிமிஷம் இரு. ஏய், ட்வைட்! ட்வைட்! புள்ளைங்களை ஏத்தாதடா ட்ராக்டர்ல! எறக்கி விடு! எறங்கு தம்பி, நீ எந்த வகுப்பு? உள்ள போ! ட்வைட், எஞ்சினை அணைச்சுட்டுச் சாவியைக் கையில வெச்சுக்கோ. கண்ணுல படுற மாதிரி வெச்சுக்கோ! ஜன்னலைச் சாத்தித் தொலைக்கிறேன். சரி, நீ சொல்லு. ஹோபர்ட்டை இப்ப டயாலிசிசுக்கு யாரு கூட்டிட்டுப் போறா?

— அதை ஏன் கேக்குற?

— தெரிஞ்சுக்கத்தான்.

— கவுண்டி வேன்.

— அந்த இலவச வேனா? எத்தனை தடவை நானே சொல்லியிருப்பேன், அதுல பேரைக் குடுன்னு. செத்தாலும் ஏற மாட்டோம்னியே.

— தர்ம வண்டி வாசல்ல வந்து நின்னா ஊரு என்ன பேசும்? நேப்பியர் குடும்பம் கையேந்திருச்சுன்னு பேசாதா? எங்கப்பா சுரங்கம் மூடின வருஷம் வெறும் அவரைக்கொட்டையும் சோளரொட்டியும் தின்னு கெடந்தாரே தவிர, கவுண்டி ஆபீஸ் படியை மிதிக்கல. இப்ப வாரத்துக்கு மூணு தடவை அந்த வெள்ளை வேன் வருது. வந்தது சும்மா நிக்குதா? ஓடை பூரா கேக்குற மாதிரி ஹாரன் அடிக்குது. ஒவ்வொரு தடவையும் எனக்கு மானம் போகுது. இதெல்லாம் யாரால? ஒன்னால. அப்பனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன நாளையெல்லாம் காரணம் இல்லாத லீவுன்னு எழுத ஒனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?

— அங்கதான் நீ தப்பா நெனச்சிட்டிருக்க. அதாவது வெர்னா, அந்த நாளை நான் எண்ணவே இல்ல.

— என்ன எண்ணல?

— டயாலிசிஸ் நாள் எதையுமே. டாக்டர் சீட்டு ஒழுங்கா வந்துச்சு, எல்லாத்தையும் தள்ளிட்டேன். அவ லேட்டா வந்த நாளைக்கூடக் கண்டுக்கல. டயாலிசிஸ் திங்கள், புதன், வெள்ளிதானே? இந்த ஒம்பதுல ஒரு திங்களும் கெடையாது, புதனும் கெடையாது, வெள்ளியும் கெடையாது.

— பின்ன?

— செவ்வாயும் வியாழனும். எல்லாமே.

— இருக்காது. செவ்வா வியாழன் அவ பள்ளிக்கூடம் போறா. என்னைக் காலைல வேலையிலேந்து கூட்டிட்டு வந்து வீட்டுல விட்டுட்டு, பையைத் தூக்கிட்டுக் கெளம்புறா. நான் என் கண்ணால பாக்குறேன்.

— பாத்துட்டு?

— படுத்துருவேன். எந்திரிக்கச் சாயங்காலம் ஆயிடும். அப்பவும் பையோடதான் வந்து நிப்பா.

— பை பள்ளிக்கூடத்துக்கு வரல, வெர்னா. நான் எத்தனை தடவை போன் பண்ணேன் தெரியுமா?

— ஓடைக்குள்ள போன் எடுக்காதுன்னு ஒனக்குத் தெரியாதா? கோய், நேராச் சொல்லு. எவனாவது இருக்கானா?

— எனக்கு எப்படித் தெரியும்?

— இந்த வயசுல எனக்குத் தெரியாதா! எவனோ இருக்கான். கார் கழுவுற எடத்துல ஒருத்தன் முடியை வளத்துக்கிட்டு நிப்பான், அவனாத்தான் இருக்கும். நான் நாயா ஒழைக்கிறேன், இவ வண்டியை எடுத்துக்கிட்டு... கூப்பிடு அவளை. இப்பவே கூப்பிடு.

— கூப்பிடுறேன். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். லைசன்ஸ் போனதுலேந்து அவ ஒரு நாள்கூட லீவு போடல. பஸ்லதான் வர்றா. மொத ஆளா வந்து உக்காந்திருக்கா. ஹலோ, ஆபீஸா? ரேலின் நேப்பியரை என் ரூமுக்கு அனுப்பி விடுங்க. ஆமா, அந்த ட்ராக்டர் விஷயம்தான். அது போகும், போகும், வைங்க.

— வரட்டும். இன்னைக்கு இருக்கு அவளுக்கு.

— கத்தாத, வெர்னா. அடுத்த ரூம்ல பரீட்சை நடக்குது. ம், வந்துட்டா. உள்ள வாம்மா ரேலின். கதவைச் சாத்து.

— அம்மா? மாமா ட்ராக்டர்லயா வந்த? ஐயோ, வகுப்பே ஜன்னல்ல நின்னு வேடிக்கை பாக்குது.

— பாக்கட்டும். எவன்டி அவன்?

— எவன்?

— நடிக்காத. செவ்வா வியாழன் பையைத் தூக்கிட்டு எவன்கூடச் சுத்துன?

— யார்கூடயும் சுத்தல.

— அப்ப எங்க போன?

— பல எடம்.

— ரேலின், நான் கேக்குறேன், நிதானமாச் சொல்லு. இந்த ஒம்பதுல ஒண்ணே ஒண்ணு கொறஞ்சாப் போதும், எட்டாயிடும். எட்டாயிட்டா எண்ணுனதுல பிசகுன்னு நானே மேல போன் பண்ணி, எழுதினதைத் திரும்ப வாங்கிக்குவேன். திங்கக்கிழமைக்குள்ள லைசன்ஸ் வந்துரும். ஒனக்கு ஒடம்பு சரியில்ல, இல்ல வீட்டுல யாருக்காவது முடியலன்னு இருந்தா அதைத் தள்ள எனக்கு அதிகாரம் உண்டு. அதனால மறைக்காமச் சொல்லு. பள்ளிக்கூடம் தொறந்த மாசத்துல ஒரு செவ்வாய்க்கிழமை. எங்க போன?

— ஆர்ஃபா பெரியம்மாவுக்குக் கண் டாக்டரைப் பாக்கணும்னாங்க. லெக்சிங்டனுக்கு, அவ்வளவு தூரம்.

— பெரியம்மான்னா, ஒங்க வீட்டுலயா இருக்காங்க?

— இல்ல சார். பக்கத்து வீடு.

— அப்ப அது காரணம் ஆகாது. அடுத்தது?

— ட்ரெஸ்ஸி அத்தையை, அவங்க மகனைப் பாக்க ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். அது ரெண்டு தடவை. வரும்போது வழி பூரா அழுதுக்கிட்டே வந்தாங்க. பாதியில விட்டுட்டுப் பள்ளிக்கூடம் போறேன்னு எப்படிச் சொல்றது?

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு அந்த ட்ரெஸ்ஸி! வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சிட்டுப் போனா, வாயைத் தொறக்கல. சரி, அப்புறம்?

— சர்ச்ல கூடி விருந்து சாப்பிடுற நாள் வந்துச்சுல்ல. போதகர் நாற்காலி ஏத்தணும்னாரு.

— கர்த்தருக்கும் நீதான் டிரைவரா? அவருக்கு வேற ஆள் கெடைக்கலையாமா?

— அப்புறம் ஒரு வியாழக்கிழமை மான்.

— என்ன மான்?

— ட்வைட் மாமா சுட்ட மான். அறுத்துக் குடுக்குற எடத்துக்குக் கொண்டு போகணும்னாரு. வெயில் வந்தாக் கெட்டுப் போயிரும்னாரு.

— செத்த மானுக்கு என் பொண்ணு டிரைவர்! கோய், ஜன்னலைத் தொற. அவனை இங்கேருந்தே...

— ஜன்னலை விடு, வெர்னா.

— நல்லா இருப்பானா அவன்? படிக்கிற புள்ளையை...

— கறி நீயும்தானம்மா சாப்பிட்ட. நல்லா இருக்குன்னு மறுநாளும் கேட்ட.

— எனக்கு எப்படிடி தெரியும் அது பள்ளிக்கூட நாள்ல வந்த கறின்னு? ஏண்டி, ஒனக்கு வாயில்லையா? வர முடியாது, பள்ளிக்கூடம் இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?

— நீ சொல்வியா? வண்டியில எடத்தை வெச்சுக்கிட்டு மாட்டேன்னு சொல்றவ நம்ம ஓடைக்காரியே இல்லன்னு நீதானே சொல்லி வளத்த.

— அது அவசரத்துக்குடி. சாவு, பிரசவம், ஆஸ்பத்திரி. மானுக்கா?

— அவங்கவங்களுக்கு அவங்கவங்க அவசரம்மா. நம்ம வண்டியே எல்லாரும் சேந்து குடுத்ததுதானே? எஞ்சின் ட்வைட் மாமா குடுத்தது. டயர் ஆர்ஃபா பெரியம்மா வீட்டுக்காரரோடது. பின்னாடி கதவு ட்ரெஸ்ஸி அத்தை வீட்டுப் பழைய வண்டியிலேந்து கழட்டினது. பேட்டரி சர்ச்ல வாங்கிக் குடுத்தாங்க. யாரைப் பாத்து நான் மாட்டேன்னு சொல்றது? அந்த வண்டியில ஸ்டியரிங் புடிக்கிற கை மட்டும்தான் என்னோடது.

— இது அஞ்சுதான் ஆச்சு. இன்னும் நாலு இருக்கு, ரேலின்.

— அடுத்த மூணும் அம்மா.

— என்னது? நானா? நான் எப்ப ஒன்னை லீவு போடச் சொன்னேன்?

— லீவு போடுன்னு சொல்லல. பகல் ஷிப்டுக்கு ஆள் கொறையுது, கூப்பிடுறாங்க, ஒரே ஒரு நாள் கொண்டுபோய் விட்டுட்டு வந்துருன்னு சொன்ன. மூணு தடவை சொன்ன. விட்டுட்டு வந்தா அப்பா தனியா. அவருக்குச் சாப்பாடு குடுத்து, மாத்திரை குடுத்து, திரும்ப உன்னைக் கூப்பிட வரணும். நடுவுல எந்தப் பள்ளிக்கூடம்?

— டீச்சர்கிட்ட சொல்லிக்கோன்னு சொன்னேனே.

— சொன்னேன்மா. அம்மா வேலைக்குப் போனாங்கன்னா அது காரணம் ஆகாதுன்னுட்டாங்க.

— அது ஆகாதுதான், வெர்னா. என்னை மொறைக்காத, சட்டத்துல அப்படித்தான் இருக்கு. ஒடம்பு சரியில்லாததுன்னா ஆகும். மான் ஆகாது, நாற்காலி ஆகாது, ஷிப்ட் ஆகாது. எட்டு நாளுக்குக் கணக்கு வந்துருச்சு, ஒண்ணுகூடத் தேறல. கடைசி ஒண்ணுதான் பாக்கி. டிசம்பர்ல, பரீட்சைக்கு முந்தின வியாழக்கிழமை.

— இரு இரு, டிசம்பரா? அந்த வாரம்தானே ஹோபர்ட் குளியலறையில விழுந்தாரு? ஆமா! நெத்தியில கட்டு போட்டுக்கிட்டுக் கெடந்தாரு. அதுதான் கோய்! அப்பனைப் பாத்துக்கிட்டு வீட்டுல இருந்திருக்கா! தள்ளு அந்த நாளை. கர்த்தர் கண்ணைத் தொறந்துட்டாரு.

— நீ சொன்னா ஆகாது. அவ வாயால வரணும். ரேலின், அப்பாவுக்கு முடியல, வீட்டுல இருந்தேன்னு நீ சொன்னாப் போதும். நான் மேற்கொண்டு ஒண்ணும் கேக்க மாட்டேன். சீட்டு கீட்டு ஒண்ணும் வேணாம்.

— அப்பா விழுந்தது செவ்வாய்க்கிழமை சார். அன்னைக்கு ராத்திரியே எந்திரிச்சு உக்காந்துட்டாரு.

— செவ்வாயா இருந்தா என்னடி, வியாழனா இருந்தா என்ன? நெத்தியில காயம் இருந்துச்சுல்ல? ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலையேன்!

— பொய் சொல்லச் சொல்றியா?

— பொய் இல்ல, ரெண்டு நாள் முன்னபின்ன. ரே, கண்ணு, இங்க பாரு. திங்கக்கிழமை வேலைக்குப் போக எனக்கு வழியில்ல. ஒனக்குத் தெரியும்ல? அந்த மேனேஜர் எப்படா இவளைக் கழட்டி விடலாம்னு பாத்துக்கிட்டிருக்கா. அப்பாவும் அந்தத் தர்ம வண்டியில போயிட்டு வந்து கூனிக் குறுகிப் போறாரு பாவம்.

— அப்பா குறுகலம்மா. நீதான் குறுகுற. வேன்ல அவரோட சுரங்கத்துல வேலை பாத்த ரெண்டு பேரு வர்றாங்க. சீட்டு ஆடிக்கிட்டே போறாங்க. நேத்து அவரு ஜெயிச்சாராம். சிரிச்சுக்கிட்டே எறங்கினாரு. நீ தூங்கிட்டிருந்த.

— சீட்டாட்டமா? சர்ச்சுக்குப் போற மனுஷன் சீட்டாடுறாரா?

— வெர்னா, அதை அப்புறம் பேசலாம். ரேலின், எனக்கு நேரம் இல்லம்மா, மணி அடிக்கப் போகுது. அப்பாவைப் பாத்துக்கலன்னா, அன்னைக்கு யாரைக் கூட்டிட்டுப் போன? அதையாவது சொல்லு. வயித்துவலின்னு யாராவது கூப்பிட்டாங்களா? ஒனக்கே ஏதாவது முடியலையா?

— யாரையும் கூட்டிட்டுப் போகல.

— அப்ப எங்க இருந்த?

— இங்கதான்.

— இங்கன்னா?

— பள்ளிக்கூடத்துல. வண்டி நிறுத்துற எடத்துல. ஒங்க ஜன்னலுக்கு நேரா அந்த விளக்குக் கம்பம் இருக்குல்ல, அதுக்குக் கீழ. காலைல மணி அடிச்சப்ப வந்தேன். சாயங்காலம் பஸ்ஸெல்லாம் போற வரைக்கும் வண்டிக்குள்ளயே உக்காந்திருந்தேன்.

— நாள் பூராவா? ஐஸ் மழை பேஞ்ச நாளாச்சேம்மா அது.

— ஆமா சார். போர்வை கொண்டு வந்திருந்தேன்.

— ஏன்டி? என்ன கிறுக்குத்தனம் இது? அந்தக் கார் கழுவுற பய வர்றேன்னு சொன்னானா?

— யாரும் வர்றேன்னு சொல்லல.

— ரேலின், எனக்கு ஒண்ணும் புரியல. பள்ளிக்கூடம் வரைக்கும் வந்துட்ட. வாசக்கதவு தொறந்துதான் கெடக்கு. அன்னைக்கு வேதியியல் பாடம்கூட உண்டு, ஒனக்குப் புடிச்ச பாடம். எறங்கி உள்ள வர்றதுக்கு என்ன கேடு?

— உள்ள வந்திருந்தா எட்டோட நின்னு போயிருக்கும் சார்.

— ...என்ன சொன்ன?

— ஒம்பது ஆகணும்னுதான் உக்காந்திருந்தேன். மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. மாநிலம் சொல்லிட்டா யாரும் என்மேல கோவிச்சுக்க மாட்டாங்கல்ல? அந்த லைசன்ஸ் எனக்கு வேணாம் சார். போன் பண்ணாதீங்க. மொத மணியிலேந்து கடைசி மணி வரைக்கும் ஒரு வகுப்பு விடாம உக்காந்திருக்கேன் இப்ப. எனக்கு அது போதும்.

— போதுமா? ஒனக்குப் போதுமா? என் வேலை போனாலும் ஒனக்குப் பரவால்லையா? தெரிஞ்சே செஞ்சியாடி? கோய், கேட்டியா இவ பேசுறதை? அத்தனையும் திட்டம்! நான் ட்ராக்டர்ல தொங்கிக்கிட்டு வந்து ஒங்கிட்ட சண்டை போடுறேன், இவ போர்வையைப் போத்திக்கிட்டுத் திட்டம் போட்டிருக்கா!

— வெர்னா, மெதுவா...

— மெதுவா என்னடா மெதுவா? நான் என்ன ஊர்க்காரியா? ஒன்னைப் பெத்தவடி நான்! மாமன்கிட்ட சொல்ல முடியல, சரி. போதகர்கிட்ட சொல்ல முடியல, சரி. எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? முடியலம்மான்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?

— சொன்னேன்மா. வேலை முடிஞ்சு உன்னைக் கூட்டிட்டு வரும்போது தெனம் வண்டியில சொன்னேன். நீ கண்ணாடியில தலையைச் சாச்சுத் தூங்கிட்டிருந்த.